உயிருள்ள கல்லும் உப்புத் தண்ணியும்

பொங்கலுக்கு இளையரசனேந்தல் போயிருந்தபோது அம்மா வெந்நீர் போடும் சருவத்தைச் சாய்த்துக் காட்டி, "ஏய்யா, இம்புட்டுப் படிச்சிருக்கே, இதுக்கு ஒரு வழி சொல்லேன்" என்றாள். உள்பக்கம் முழுக்க வெள்ளையாகக் கல் மாதிரி படிந்திருந்தது. கரண்டிக் காம்பால் தட்டினால் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. போர் தண்ணி புழங்குகிற எல்லா வீட்டிலும் இதே கதைதான். ஹீட்டர் கம்பியில் படியும், குழாய் வாயில் படியும், கடைசியில் குழாயையே அடைக்கும்.

பெயர்ந்த ஓட்டில் ஒன்றை எடுத்து வாசல் வெயிலில் வைத்துப் பார்த்தேன். உடைந்த ஓரத்தில் மெல்லிய வரிகள், ஒன்றின்மேல் ஒன்றாக. காய்ச்சக் காய்ச்ச ஏறிய வரிகள். ரொம்ப நாளாக எழுதணும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒரு விஷயம் அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

உலகத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய உயிர்த்தடங்களில் ஒன்று இதே மாதிரி வரிவரியான ஒரு கல்தான். பெயர் ஸ்ட்ரோமட்டோலைட். அந்தக் கல்லைக் கட்டிய நுண்ணுயிர்களின் வகையறா இன்னும் சாகவில்லை. உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களில் இன்றைக்கும் கல் கட்டிக்கொண்டிருக்கிறது. அதில் நல்ல தண்ணி ஏரிகளும் உண்டு. அந்த ஏரிகள் இப்போது நம் கண்முன்னே கெட்டுக்கொண்டு வருகின்றன. ஏன் கெடுகின்றன, ஏன் வேலி போட்டும் காப்பாற்ற முடியவில்லை என்பதைப் புரிந்துகொள்ள அம்மாவின் சருவமே போதும்.

உப்பு இல்லை, சுண்ணாம்பு

முதலில் ஒரு திருத்தம். சருவத்தில் படிவதை நாம் உப்பு என்கிறோம். வேதியியல் கணக்கில் அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக் கல். சந்தேகம் இருந்தால் அதன்மேல் எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள். குமிழ் விட்டுக் கரையும். புளி போட்டுத் தேய்த்தால் போகிறது என்று பாட்டிமார் சொன்னதற்கும் காரணம் அமிலம்தான்.

சரி, இந்தச் சுண்ணாம்பு தண்ணிக்குள் எப்படி வந்தது? மழைத்தண்ணி மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் விடுகிற கார்பன் டை ஆக்ஸைடைச் சேர்த்துக்கொள்கிறது. சோடாத் தண்ணி மாதிரி லேசான அமிலமாகிறது. அந்தத் தண்ணி வழியில் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே போகும். எங்கள் கரிசலில் அதற்குப் பஞ்சமே இல்லை. கிணறு தோண்டியவர்களைக் கேட்டால் சுக்கான் கல்லைப் பற்றிச் சொல்வார்கள்.

கரைந்த சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாது. தண்ணி பளிங்கு மாதிரிதான் இருக்கும். அதை அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறிவிடும். அது போய்விட்டால் சுண்ணாம்பைக் கரைத்து வைத்திருக்கத் தண்ணிக்குத் தெம்பு இல்லை. சுவரில் படிந்துவிடும்.

இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சுண்ணாம்பு நிறைந்த தண்ணியிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடை எடுத்துவிட்டால் கல் விழும்.

அடுப்பு இல்லாமல்

அடுப்பு வைத்துத்தான் எடுக்கணும் என்று இல்லை. நெல் வயலுக்குப் போடச் சொல்லி வேளாண்மைத் துறையினர் சொல்வார்களே நீலப்பச்சைப் பாசி, அது உண்மையில் பாசி இல்லை, பாக்டீரியா. சயனோபாக்டீரியா என்பார்கள். செடிகள் மாதிரியே வெயிலை வைத்துச் சாப்பாடு தயாரிக்கும். அதற்கு வேண்டிய கார்பனைச் சுற்றியிருக்கும் தண்ணியிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியதும் அந்த இடத்தில் தண்ணியின் அமிலத்தன்மை குறையும், சுண்ணாம்பு விழும். அடுப்பு செய்த வேலையை வெயிலும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்துவிடுகின்றன.

இந்தப் பாக்டீரியாக்கள் தனியாக வாழ்வதில்லை. ஊருணிப் படிக்கட்டில் காலை வழுக்கிவிடும் கொழகொழ படலம் இருக்கிறதே, அந்த மாதிரி ஒரு விரிப்பாக வாழும். அந்தக் கொழகொழப்பில் தண்ணியில் மிதந்து வரும் பொடித் துகள்களும் ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்பும் தூசியும் மேலே மூடினால் வெளிச்சம் கிடைக்காது. அதனால் பாக்டீரியாக்கள் நகர்ந்து மேலே வந்து புது விரிப்பு போடும். பழைய விரிப்பு கீழே கல்லாகிவிடும். மறுபடி மூடும், மறுபடி மேலே வரும்.

எங்கள் தொழிலில் லாக் ஃபைல் என்று ஒன்று உண்டு. பழைய வரியை அழிக்காமல் புது வரியைக் கடைசியில் சேர்த்துக்கொண்டே போவோம். ஸ்ட்ரோமட்டோலைட் அந்த மாதிரிதான். ஒரு ஆள் உயரக் கல் இருந்தாலும் உயிர் இருப்பது மேலே சில மில்லிமீட்டர் தடிமனில் மட்டும். மீதி எல்லாம் பழைய பதிவு. 1908ல் எர்ன்ஸ்ட் கால்கோவ்ஸ்கி என்ற ஜெர்மானிய நிலவியலாளர் இந்தப் பெயரை வைத்தார். கிரேக்கத்தில் ஸ்ட்ரோமா என்றால் விரிப்பு, லித்தோஸ் என்றால் கல்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில் கிடைத்த ஸ்ட்ரோமட்டோலைட்டுகளுக்கு வயது சுமார் 348 கோடி ஆண்டு. அப்போது காற்றில் நாம் சுவாசிக்க ஆக்ஸிஜன் கிடையாது. சயனோபாக்டீரியாக்கள் கழிவாக வெளியே விட்ட ஆக்ஸிஜன்தான் சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் சேர ஆரம்பித்தது. நாம் இழுக்கும் மூச்சுக்கு முதல் கணக்கை அவைதான் எழுதின.

பிறகு விலங்குகள் வந்தன. விரிப்பை மேய்கிற நத்தை, துளைக்கிற புழு என்று ஒவ்வொன்றாக வந்ததும் ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் குறைந்துபோயின. வெறும் தொல்லெச்சம் என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 1950களில் ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே பகுதியில் ஹாமலின் பூல் என்ற இடத்தில் உயிரோடு வளர்வதை அறிவியல் உலகம் கவனித்தது. அங்கே தண்ணி கடலைப் போல ரெண்டு மடங்கு உப்பு. மேய்கிறவை அதில் தாக்குப்பிடிப்பது கஷ்டம். அதனால் பிழைத்தன.

நம் நாட்டுப் பாறைகளில்

இந்தியாவிலும் உண்டு, ஆனால் நான் சொல்லப் போவது உயிர் போன பழைய பதிவுகள். அடுப்படி அலமாரிக்குப் போடுகிறோமே கடப்பாக் கல், அது வருகிற அதே கடப்பா வட்டாரத்தில், அந்தக் கல்லுக்கும் ரொம்பக் கீழே வேம்பள்ளி என்ற பழைய பாறை அடுக்கு இருக்கிறது. அதில் ஸ்ட்ரோமட்டோலைட் நிறைய. தும்மலப்பள்ளி யுரேனியம் சுரங்கம் இருப்பது அந்த அடுக்கில்தான். உத்தரப்பிரதேசத்தில் சோன்பத்ரா பக்கம் சல்கான், சிக்கிமில் நாம்ச்சி பக்கம் மாம்லே, ராஜஸ்தானில் சித்தோர்கட் பக்கம் போஜுண்டா என்று பல இடங்களில் பார்க்கலாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது உதய்ப்பூருக்குப் பக்கத்தில் உள்ள ஜாமர்கோட்ரா. அங்கே ஸ்ட்ரோமட்டோலைட் தூண்களுக்குள் பாஸ்பேட் செறிந்து கிடக்கிறது. 1968ல் கண்டுபிடித்தார்கள், இன்றைக்கும் வெட்டி எடுக்கிறார்கள். ஒரு பகுதியை மட்டும் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக ஒதுக்கியிருக்கிறது. வெட்டிய பாறை எங்கே போகிறது? பெரும்பகுதி உரத்துக்கு. நம் விவசாயிகள் சுருக்கமாக 'சூப்பர்' என்பார்களே, அந்த சூப்பர் பாஸ்பேட் மாதிரியான உரங்களுக்கு. பாஸ்பேட் என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் வில்லனாக வரும்.

பக்கலார்: நல்ல தண்ணியில் ஒரு கல் தோட்டம்

உப்பு ரெண்டு மடங்கு இருந்தால்தான் ஸ்ட்ரோமட்டோலைட் பிழைக்கும் என்றால் நல்ல தண்ணியில் எப்படி? இதற்கு உலகத்தில் பெரிய உதாரணம் மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில், பெலீஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் பக்கலார். நீளம் சுமார் 50 கிலோமீட்டர், அகலம் ஒன்றிரண்டு கிலோமீட்டர். அங்கே லகூனா என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் நம் பழவேற்காடு மாதிரி உப்புக் காயல் இல்லை, நன்னீர். ஆழத்துக்குத் தகுந்தபடி நீலம் மாறி மாறித் தெரிவதால் ஏழு வண்ண ஏரி என்று சுற்றுலாக்காரர்கள் அழைப்பார்கள். அதன் கரையோரமாகப் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஸ்ட்ரோமட்டோலைட்டுகளும் அதன் உறவுக் கற்களும் வளர்ந்திருப்பதாக 2008ல் வெளியான ஆய்வு ஒன்று விவரித்தது.

யுகட்டான் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழை பெய்தால் பெரும்பாலும் ஆறாக ஓடாது. பாறைப் பொத்தல்களில் இறங்கி நிலத்தடியில் ஓடும். வழியெல்லாம் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து ஏரியின் அடியிலும் ஓரத்திலும் ஊறி வெளியே வரும். எங்கள் வீட்டு போர் தண்ணியின் கதையேதான்.

அந்தத் தண்ணியில் சுண்ணாம்பு தாராளம். ஆனால் உரச்சத்து, முக்கியமாகப் பாஸ்பரஸ், ரொம்பக் குறைவு. இந்த ரெண்டும் சேர்ந்ததுதான் ரகசியம். சத்து இல்லாத தண்ணியில் வேகமாக வளர்கிற இழைப்பாசிகள் தலையெடுக்க முடியாது. மெதுவாக, சிக்கனமாக வாழத் தெரிந்த நம் விரிப்புக்காரர்களுக்குப் போட்டி இல்லை. தண்ணி தெளிவாக இருப்பதால் வெயிலும் அடிவரை போகும். வறுமைதான் அங்கே வேலி.

எது கொல்கிறது

ஆபத்து மூன்று வகை. முதலாவது, கால். சுற்றுலாப் பயணிகள் கல்தானே என்று ஏறி நிற்கிறார்கள், படகைக் கட்டுகிறார்கள். ஷார்க் பேயில் அளந்த வேகம் ஆண்டுக்கு அரை மில்லிமீட்டருக்குள். அந்தக் கணக்கில், உடைந்த ஒரு சாண் கல் திரும்ப வளர நானூறு வருஷமாவது ஆகும். படம் எடுக்க ஆகும் நேரம் பத்து விநாடி.

இது கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. அதனால்தான் எல்லா இடத்திலும் "மிதிக்காதீர்கள்" என்று பலகை வைக்கிறார்கள். பலகை வேண்டியதுதான். ஆனால் பெரிய ஆபத்து அந்தப் பலகையைப் படிப்பதில்லை.

ரெண்டாவது, கலங்கல். ஏரியைச் சுற்றிலும் இருந்த காட்டை அழித்துப் பெரிய அளவில் விவசாயம் வந்தது. காடு இருந்தவரை மழையைப் பிடித்து மெதுவாக உள்ளே இறக்கியது. காடு போனதும் மண்ணோடு சேர்ந்து தண்ணி ஓடி வருகிறது. 2020 ஜூனில் கிறிஸ்டோபல் புயல் மழையைக் கொட்டியபோது அந்த ஓட்டம் முழுக்க ஏரிக்குள் வந்தது. ஏழு வண்ணம் போய் ஒரே பழுப்பு. வெள்ளம் வடிந்த பிறகும் பழைய நிறம் சட்டென்று திரும்பவில்லை. நிறத்துக்காக அழுதவர்கள் நிறைய. கல்லின் பக்கமிருந்து பார்த்தால் பிரச்சினை வேறு: வெயில் அணைந்துவிட்டது. வெயிலை நம்பி வாழ்கிற பாக்டீரியாவுக்கு அது பட்டினி.

மூன்றாவது, சத்து. வயல் உரமும் வீட்டுக் கழிவுநீரும். நம் மண்ணில் செப்டிக் டேங்க் தண்ணி கசிந்தாலும் மண் ஓரளவு வடிகட்டும். பொத்தல் விழுந்த சுண்ணாம்புப் பாறையில் அந்த வடிகட்டல் இல்லை. பின்கட்டில் விட்டது நேராக ஏரிக்குப் போகும். பக்கலார் ஊர் வளர வளர, விடுதிகள் கூடக் கூட, இந்த வரத்தும் கூடுகிறது. இப்போது மாயா ரயிலும் அங்கே நிற்கிறது.

இங்கேதான் பாஸ்பேட் வருகிறது. அது ரெண்டு பக்கமும் அடிக்கும். ஒன்று, இழைப்பாசிகளுக்கு விருந்து. அவை விரிப்பின்மேல் படர்ந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். இன்னொன்று பலருக்குத் தெரியாதது: பாஸ்பேட் சுண்ணாம்புப் படிகத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு படிகம் வளர்வதையே தடுக்கும். அதாவது கட்டுகிறவனுக்குப் பதில் வேறு ஆளைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறது, சிமென்ட் இறுகாமலும் பார்த்துக்கொள்கிறது.

180 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஸ்ட்ரோமட்டோலைட்டுக்குள் உறைந்துபோன பாஸ்பேட்டை நாம் உதய்ப்பூரில் வெட்டி மூட்டை கட்டுகிறோம். ஜாமர்கோட்ரா மூட்டை பக்கலாருக்குப் போகிறது என்று நான் சொல்லவில்லை. சரக்கு ஒன்றுதான் என்கிறேன். பாறையில் இருந்தபோது அதனால் யாருக்கும் தொந்தரவு இல்லை. தண்ணியில் கரைந்து ஓட ஆரம்பித்ததும் உயிரோடு இருக்கும் வாரிசுக்கு விஷமாகிறது.

வேலிக்குள் இறந்த குளம்

இதெல்லாம் சட்டம் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தால், அதே மெக்சிகோவின் வடக்கே குவாத்ரோ சியெனகஸ் என்ற இடத்தைப் பார்க்கணும். பாலைவனப் பள்ளத்தாக்கு. ஆண்டு மழை 200 மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் நிலத்தடி ஊற்றுகளால் நூற்றுக்கணக்கான குளங்கள், அதில் உயிருள்ள ஸ்ட்ரோமட்டோலைட்டுகள். பாஸ்பரஸ் மிகக் குறைந்த தண்ணி. மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் வலேரியா சௌசாவும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறார்கள்.

1994லேயே அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்துவிட்டது. கல்லை யாரும் உடைக்கவில்லை, குளத்தில் யாரும் வீடு கட்டவில்லை. ஆனால் வாய்க்கால்கள் தண்ணியை வெளியே கொண்டுபோயின. மாட்டுத் தீவனமான குதிரைமசால் வயல்களுக்காக நிலத்தடி நீரும் இறைக்கப்பட்டது, பக்கத்துப் பள்ளத்தாக்கு உட்பட. பள்ளத்தாக்கின் மேற்குப் பக்கம் இருந்த சுரின்சே என்ற குளத்தொகுதி, ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படிப்படியாக வற்றிப்போனது. வேலி இருந்தது, பலகை இருந்தது, சட்டமும் இருந்தது. தண்ணி மட்டும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குத் தெற்கே கிளிஃப்டன் ஏரி. அங்கே இருப்பவை வரி இல்லாமல் கட்டிகட்டியாக இருக்கும் திராம்போலைட்டுகள், ஸ்ட்ரோமட்டோலைட்டின் பங்காளி. யாரும் மிதிக்காமல் இருக்க அழகான மரப் பாலம் போட்டிருக்கிறார்கள். ஆனால் அவை நம்பியிருப்பது கரையோரம் ஊறும் நல்ல நிலத்தடி நீரை. அந்த ஊற்று குறையக் குறைய ஏரியின் உப்பு ஏறுகிறது. மரப் பாலத்தால் அதற்கு என்ன செய்ய முடியும்?

மூன்று இடத்திலும் ஒரே பாடம். ஸ்ட்ரோமட்டோலைட்டைப் பாதுகாப்பது என்றால் கல்லைப் பாதுகாப்பது இல்லை. அதற்கு வந்து சேரும் தண்ணியை, அந்தத் தண்ணி கடந்து வரும் நிலத்தைப் பாதுகாப்பது. எல்லையை ஏரியின் கரையில் போட்டால் தோற்போம். மழை எங்கே விழுந்து எப்படி வருகிறதோ அதுவரை போடணும். பக்கலாருக்கு வேண்டியது ஒழுங்கான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, மிச்சமிருக்கும் காடும் கரையோர அலையாத்தியும், உரத்துக்கு ஒரு அளவு. குவாத்ரோ சியெனகஸுக்கு வேண்டியது வாய்க்காலை அடைப்பது, இறைப்பதைக் குறைப்பது. படம் எடுத்துப் போட இதில் ஒன்றும் இல்லை. ஆனால் வேலை செய்வது இதுதான்.

வரத்து

இது நமக்குப் புதுசும் இல்லை. எங்கள் பக்கம் குடிதண்ணிக்கு ஊருணியை நம்பியிருந்த காலத்தில், ஊருணிக்குள் செருப்போடு இறங்கக் கூடாது, மாடு குளிப்பாட்டக் கூடாது என்பதோடு கட்டுப்பாடு முடியவில்லை. தண்ணி வருகிற பாதையிலும் அசிங்கம் பண்ணக் கூடாது. கண்மாய் என்றால் கரையை மட்டும் யாரும் பேசமாட்டார்கள், வரத்துக்கால் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வியை நாம் போர் போட்ட பிறகு மறந்துவிட்டோம். தண்ணி எங்கேயிருந்து வருகிறது என்று தெரியாத அளவுக்குக் குழாய் வசதி செய்து கொடுத்துவிட்டது.

348 கோடி ஆண்டு தாக்குப்பிடித்த ஒரு வாழ்க்கை முறை, எத்தனையோ பேரழிவுகளைத் தாண்டி வந்தது, இப்போது சில வருஷத்தில் ஒரு குளத்தை விட்டே போகிறது. காரணம் எரிகல் இல்லை. தீவனப் பயிர், செப்டிக் டேங்க், உர மூட்டை. அத்தனையும் சாதாரண ஆட்கள் தங்கள் பிழைப்புக்காகச் செய்வது. அதனால்தான் இதைத் தடுப்பது கஷ்டம். அதனால்தான் தடுக்கவும் முடியும் என்று நினைக்கிறேன். எரிகல்லை நிறுத்த முடியாது, ஒரு வாய்க்காலை அடைக்க முடியும்.

அம்மாவுக்குச் சொன்ன வழி: சருவத்தில் தண்ணி ஊற்றி ரெண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து, தோலையும் போட்டு, ஒரு ராத்திரி அப்படியே விடு. மறுநாள் காலையில் பாதி ஓடு இளகியிருந்தது. ஒரு துண்டை மட்டும் கழுவித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். "அதை என்னத்துக்குய்யா எடுத்துட்டுப் போறே?" என்று கேட்டாள். மேஜையில் வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் பக்கத்தில் இருக்கிறது.